பகலில் பூசத் தோதான கொசு மருந்து: பிக்காரிடின் 20% லோஷன்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற கொசு. விடிந்து சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் அதன் தொல்லை அதிகம், அதுவும் கணுக்கால் பக்கம். பாங்காக் போனால் அந்த நேரத்தில் நாம் கோயிலிலோ படகுத்துறையிலோ சந்தையிலோ நிற்போம், ஓட்டல் ரூமில் ராத்திரி பூரா கொசு லிக்விட் ஓடினால் மட்டும் போதுமா? அதற்காகத்தான் உடம்பில் பூசுகிற இதை வாங்கினேன்.

இதில் இருக்கும் கொசு விரட்டி மருந்தான பிக்காரிடினை 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது. நம்மூர் ஓடோமாஸில் இருக்கும் மருந்து வேறு, டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். இந்த லோஷனில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வாடையும் பிசுபிசுப்பும் இல்லாததுதான். கிரீம் என்றாலே ஓடுகிற என் பெண் தானாகக் காலை நீட்டினாள், அப்படிப் பூசிக்கொண்டால்தானே எந்த மருந்தும் வேலை செய்யும்! டீட் (DEET) என்கிற இன்னொரு கொசு விரட்டி மருந்து கலந்தது வாட்ச் பட்டை, கூலிங் கிளாஸ் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும், இதில் அந்தப் பயமும் இல்லை.

பாட்டிலில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. பாங்காக் வியர்வைக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். வாட் போ கோயிலைச் சுற்றி முடிப்பதற்குள் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மறுபடி பூசிக்கொண்டோம். சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் முதலில் அதைப் போட்டு, காய்ந்த பிறகு இதைப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் மட்டும் தடவ வேண்டாம், உடனே வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். செருப்பு வார் ஓரத்தையும் காதுக்குப் பின்னாலும் விட்டுவிடாதீர்கள்.

குறை என்றால் மூடிதான். பையில் சாய்ந்தாலே கசிகிறது, ஜிப் கவரில் போட்டு வைத்தால் சமாளிக்கலாம். அப்புறம் விலையும் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் மறுபடி வாங்குவேன்.

முன்னாலேயே டெங்கு வந்தவர் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு, ஒன்று வந்து போனால் மற்றவற்றிடமிருந்து நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது, இரண்டாவது தடவை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுதல். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் புரூஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள், பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போய், தாய்லாந்து போய்வந்ததை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.