நாசா கன்வென்ஷனுக்கு ஷீட் பிரிண்ட் போட திருவல்லிக்கேணில இந்த கடை

ஆர்க்கிடெக்சர் படிக்கற பசங்க யாராச்சும் கன்வென்ஷனுக்கு ஷீட், அதாவது போட்டிக்கு வரைஞ்ச பெரிய டிராயிங்க, பிரிண்ட் போட சென்னைல கடை தேடிட்டு இருந்தீங்கன்னா முழுசா படிங்க. மத்தவங்களுக்காக ஒரு வரி, நாசாங்கறது இந்தியா முழுக்க இருக்கற ஆர்க்கிடெக்சர் ஸ்டூடண்ட்ஸோட அசோசியேஷன், 1957-லேர்ந்து இருக்கு, ஒவ்வொரு காலேஜும் ஒரு யூனிட், வருஷா வருஷம் நேஷனல் கன்வென்ஷன் நடக்கும். எங்க யூனிட்டுக்கு இந்த தடவ ஷீட், பேட்ஜ், பேனர், டீஷர்ட் எல்லாத்தையும் இங்கயே குடுத்தோம். ஷீட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், டீஷர்ட்டுக்கு ரெண்டு.

கன்வென்ஷன்ல லூயி கான் ட்ராஃபின்னு ஒண்ணு இருக்கு, ஐஐஎம் அகமதாபாத் கட்டடத்த டிசைன் பண்ணாரே அவர் பேர்ல, டாகுமெண்டேஷனுக்கான போட்டி, அதாவது ஏற்கனவே இருக்கற கட்டடங்கள டிராயிங்கா பதிவு பண்றது. நாங்க எடுத்துக்கிட்டது பார்த்தசாரதி கோயில சுத்தி இருக்கற பழைய வீடுங்க. திண்ணை, ரேழி, முற்றம், மேல மெட்ராஸ் டெரஸ்ங்கற கூரை. இந்த மெட்ராஸ் டெரஸ் தான் ஷீட்ல உயிரே, தேக்கு கட்டைங்க மேல சின்ன சின்ன செங்கல படுக்க வைக்காம நிறுத்தி வச்சு சுண்ணாம்பு சாந்து போட்டு மூலைவாட்டுல அடுக்கிட்டே போவாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லி, அதுக்கு மேல தட்டோடு. எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்தி செக்ஷன்ல, அதாவது கட்டடத்த குறுக்க வெட்டி காட்டற டிராயிங்ல, ஒவ்வொரு செங்கலையும் தனித்தனியா வரைஞ்சிருந்தா, வாரக்கணக்குல உக்காந்து. அத எவனாச்சும் கருப்பு பட்டையா பிரிண்ட் பண்ணி குடுத்துட்டா அவ உழைப்பு அவ்ளோதான், அந்த பயத்துலயே தான் கடைக்கு போனோம்.

கடைக்கார பாய் முதல்ல பண்ணது என்னன்னா, பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல அந்த செக்ஷன பெருசு பண்ணி பாத்துட்டு, அந்த இடத்த மட்டும் அசல் சைஸ்ல ஒரு துண்டு பேப்பர்ல அடிச்சு கைல குடுத்துட்டார். கண்ணாடிய நெத்திக்கு மேல ஏத்திட்டு அந்த துண்ட கண்ணுக்கு கிட்ட கொண்டு போயி, "தம்பி, இந்த க்ரே கோடெல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கு பாருங்க, மெல்லிசு கோட க்ரேல குடுக்காதீங்க, முழு கருப்பாவே வச்சுட்டு கோட்டோட தடிப்ப மட்டும் மாத்துங்க"ன்னார். உண்மையிலயே உடைஞ்சிருந்துச்சு, மானிட்டர்ல பாத்தா தெரியவே தெரியாது. அங்கயே உக்காந்து லேயர மாத்தி திருப்பி துண்டு அடிச்சா செங்கல் ஒவ்வொண்ணும் தனியா நிக்குது. துண்டுக்கெல்லாம் காசு வாங்கல.

அதுக்கப்புறம் ஒண்ணு கண்டுபிடிச்சார் பாருங்க, அதுக்காகவே இந்த ரிவ்யூ. மேப்ல தெரு பேரெல்லாம் தமிழ்ல போட்டிருந்தோம், சிங்கராச்சாரி தெரு அது இதுன்னு. சாஃப்ட்வேர்ல தமிழ் எழுத்துக்கான செட்டிங் மாறி பிடிஎஃப்ல எல்லா 'தெரு'லயும் கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி விழுந்திருந்துச்சு. ஷீட்டு ஷீட்டா டிராயிங் பாத்து பாத்து டீம்ல எல்லாருக்கும் கண்ணு பூத்துப் போயிருந்த நேரம். பாய் விரல வச்சு காட்டி "இது எங்க தெருப்பா, வடக்க இருந்து வந்து பாக்கறவங்களுக்கு தெரியாது, நம்ம ஆளு ஒருத்தன் பாத்தா என்ன நினைப்பான்"னு கேட்டார். ஆர்டர் எடுத்தோமா அடிச்சோமான்னு இருக்கற கடையா இருந்தா இத கவனிச்சே இருக்க மாட்டாங்க. உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா இல்லஸ்ட்ரேட்டர்ல பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு இருக்கும், அத ஆன் பண்ணுங்க சரியாகிடும்.

விலை கொஞ்சம் ஜாஸ்தி தான், காலேஜ் பக்கத்துல கிடைக்கறத விட ஏ1 ஷீட்டுக்கு முப்பது நாப்பது ரூபா கூட வரும். ஆனா முன்னாடி ஒரு தடவ ஸோனல் கன்வென்ஷனுக்கு வேற ஒரு எடத்துல கம்மியா இருக்குன்னு குடுத்து, அவங்க கேக்காம கொள்ளாம ஃபிட் டு பேஜ்னு குடுத்து பேப்பர் அளவுக்கு டிராயிங் சைஸ மாத்தி அடிச்சுட்டாங்க, 1:50-ன்னு எழுதியிருக்கற டிராயிங்ல ஸ்கேல் வச்சு பாத்தா அளவு இடிக்குது, மார்க் போடற ஜூரில ஒருத்தர் ஸ்கேல் வச்சுட்டா பதில் சொல்ல முடியாது. இங்க ஏ1-ன்னா 594க்கு 841 மில்லிமீட்டர்னு அளந்து காட்டிட்டு தான் கட் பண்றாங்க.

மவுண்டிங் பத்தி சொல்லியே ஆகணும். 5 எம்எம் சன்போர்டுல, அதாவது லேசான ஃபோம் போர்டுல, ஒட்டி மேட் லேமினேஷன் போட்டாங்க. க்ளாஸி வேண்டாம்னு அவரே சொல்லிட்டார், எக்ஸிபிஷன் ஹால்ல மேல லைட் அடிச்சா பளபளன்னு தெரியுமே தவிர டிராயிங் தெரியாதுன்னு. இன்னொண்ணு, முன் பக்கம் மட்டும் ஒட்டினா போர்டு ஒரு பக்கமா வளையும்னு பின்னாடியும் ஒரு வெத்து பேப்பர் ஒட்டினார். நாலு மூலைக்கும் அட்டை மடிச்சு வச்சு, சுத்தி ப்ளாஸ்டிக் கவர், அதுக்கு மேல நெளி அட்டை, தூக்கறதுக்கு நாடால கைப்பிடி. சென்ட்ரல்ல கூட்டத்துல தூக்கிட்டு ஓடி, ட்ரெயின்ல லோயர் பெர்த்துக்கு அடில தள்ளி, ராத்திரி முழுக்க யாரோட செருப்பு எது மேல இருந்துச்சோ தெரியாது, போயி பிரிச்சா ஒரு மூலை கூட நசுங்கல. பக்கத்து ஸ்டால் காலேஜோட போர்டு அப்பளம் மாதிரி வளைஞ்சு க்ளிப்லேர்ந்து கழண்டுட்டே இருந்துச்சு பாவம், கடைசில எங்க டேப்ப குடுத்தோம்.

ட்ராஃபி வேற யூனிட்டுக்கு போச்சு. அவங்க வொர்க்க பாத்தேன், அவங்களுக்கு தான் போகணும். ஆனா எங்க செக்ஷன் முன்னாடி வேற ஸ்டேட் பசங்க மூக்கு இடிக்கற அளவுக்கு கிட்ட வந்து நின்னு இது என்ன கூரை, செங்கல் எப்படி கீழ விழாம நிக்குதுன்னு கேட்டுட்டே இருந்தாங்க, அந்த ஜூனியர் பொண்ணு தொண்டை கட்டற வரைக்கும் விளக்கினா. பிரிண்ட் சொதப்பியிருந்தா ஒருத்தரும் நின்னிருக்க மாட்டாங்க.

பேட்ஜ் நல்லா இருந்துச்சு. பேனர் துணில அடிச்சு குடுத்தாங்க, மடிச்சு பேக்ல வச்சுக்கலாம்.

டீஷர்ட் மட்டும் இங்க குடுக்காதீங்க. இவங்க வெளில குடுத்து வாங்கி தர்றாங்க. ட்ரெயின் ஏறறதுக்கு முந்தின நாள் ராத்திரி தான் கைக்கு வந்துச்சு, மீடியம்னு போட்டிருந்தது ஸ்மால் அளவு, முதல் தடவ தொவைச்சதுமே யூனிட் பேரு வெடிச்சு உரிய ஆரம்பிச்சுடுச்சு. ஒரே மாதிரி டீஷர்ட் போட்டுட்டு ஓப்பனிங் அன்னிக்கு கத்திட்டு போறது தான் கன்வென்ஷன்ல பாதி சந்தோஷம், அதுல கைய வச்சது எனக்கு ரொம்ப வருத்தம். பாய்கிட்ட சொன்னேன், பாதி காசு திருப்பி குடுத்தார், ஆனா அந்த வேலைய அவர் எடுத்துக்கவே வேண்டாம்னு நினைக்கறேன்.

போறவங்களுக்கு, மெட்ரோல வந்தா கவர்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். சேப்பாக்கத்துல மேட்ச் இருக்கற நாள் பெல்ஸ் ரோடு பக்கமே வராதீங்க, போர்ட தூக்கிட்டு வெளில வர முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு கடை மூடியிருக்கும். லேமினேஷன் காயற வரைக்கும் எப்படியும் காத்திருக்கணும், அந்த நேரத்துல ரத்னா கஃபேல போயி இட்லி மேல சாம்பார் ஊத்த ஊத்த சாப்ட்டு வாங்க. ஃபைல பென்டிரைவ்ல எடுத்துட்டு போங்க, வாட்ஸ்அப்ல இமேஜா அனுப்பினா க்வாலிட்டி போயிடும், பாய் அத வச்சு அடிக்கவே மாட்டார். ஃபைனல் ஜூரி சீசன்ல கடைல நிக்க இடம் இருக்காது, அப்பவும் துண்டு பிரிண்ட் கேளுங்க, முகம் சுளிக்காம அடிச்சு தருவார்.