அசலா, மறு ஆக்கமா, சொந்த வடிவமா? பழைய லெகோ விண்கலத்தில் கை வைக்கும் பெரியவர்களுக்கு

சின்ன வயதில் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கப் பறக்கவிட்ட லெகோ விண்கலத்தை, வளர்ந்து ஆளான பிறகு, பிரித்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டினால் என்ன என்று தோன்றுகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 1978இல் தொடங்கிய கிளாசிக் ஸ்பேஸ் வரிசையின் அசல் செட் ஒன்றைப் பிடித்து அதிலேயே கை வைப்பது ஒன்று. அந்தக் கப்பல்களைப் பெரியவர்களுக்காகவே லெகோ மறுபடி பெரிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறதே, அதை வாங்கி அடித்தளமாக வைத்து மாற்றுவது இன்னொன்று. இரண்டும் வேண்டாம், கணினியில் முதலிலிருந்து வரைந்து உதிரிப் பீஸ்களாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிக் கூட்டம் உண்டு, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கும். நான் எந்தக் கட்சி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாற்றிக் கட்ட மறு ஆக்கம்தான் சரி. அசல் செட்டை அப்படியே கட்டி வையுங்கள், பிரிக்காதீர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது கறுப்பு நிறத்தில் வரும்.

முதலில் அசல். எடுத்துக்காட்டு என்றால் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரைத்தான் எடுக்க வேண்டும். 1979இல் வந்தது, ஐரோப்பாவில் 928, அமெரிக்காவில் 497 என்று ஒரே கப்பலுக்கு இரண்டு எண். மொத்தமே 338 பீஸ்கள். சாம்பலும் நீலமும் கலந்த கப்பல், மஞ்சள் கண்ணாடி, பின்கதவைத் திறந்தால் ஒரு குட்டி வண்டி இறங்கி வரும். இவ்வளவு குறைந்த பீஸ்களில் இவ்வளவு கம்பீரமான ஒரு கப்பலை எப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கும் வியக்கலாம். ஆனால் மாற்றிக் கட்டுகிறவனுக்கு அந்தச் சிக்கனமே எதிரி. மிச்சம் என்று எதுவும் இல்லை, ஒரு பீஸை எடுத்தால் எங்கோ ஓர் ஓட்டை விழும், அதை அடைக்க வெளியிலிருந்து பீஸ் கொண்டுவர வேண்டும். அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

பொருத்தத்தில் பிரச்சினை இல்லை. 1958இல் செய்த பிரிக் கூட இன்றைய பிரிக்கோடு கச்சிதமாகச் சேரும். காட்டிக்கொடுப்பது நிறம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது: பழைய சாம்பலில் லேசாக மஞ்சள் சாயல் இருக்கும், புதியதில் நீலச் சாயல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாம்பல்தான், பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். அப்படியானால் பழைய சாம்பலையே தேடி வாங்க வேண்டும், அது ஏற்கெனவே பயன்படுத்திய பீஸாகத்தான் கிடைக்கும், அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு வெயில் பட்டு மஞ்சளேறி இருக்கும். பீஸ்களைச் செய்யும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கின் குணம் அது, புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மாறும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டிக்கர் இருக்கும் பீஸை அதில் போடக் கூடாது, திட்டுத் திட்டாக வெளுக்கும் வாய்ப்பு உண்டு, கொஞ்ச காலத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு.

இதற்கு மேல் உடையும் பீஸ்கள் வேறு. விரல் விரலாகக் கோத்துக்கொள்ளும் அந்தக் காலத்து மெல்லிய ஹிஞ்சுகள், சின்ன கிளிப்புகள் எல்லாம் நாற்பது வருடத்துக்குப் பிறகு அடிக்கடி கழற்றி மாட்டினால் தாங்காது. மாற்றிக் கட்டுவது என்றாலே அதைத்தானே செய்யப் போகிறோம்? விண்வெளி வீரரின் தலைக்கவசத்தில் தாடைப் பகுதி முதலில் மெல்லிசாக இருந்து, அது உடைந்து உடைந்து, பிறகு தடிமனாக மாற்றினார்கள். பழைய பெட்டியைத் திறந்தால் தாடை உடைந்த கவசம் ஒன்றாவது இருக்கும். கையில் இருப்பதைக் கழுவ வேண்டுமானால் வெந்நீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கண்ணாடிப் பீஸ்களைத் தனியாகக் கழுவுங்கள், மற்றவற்றோடு உரசினால் கீறல் விழும்.

ஆக, அசல் செட்டை மாற்றிக் கட்டினால் உழைப்பில் பெரும்பகுதி நிறம் தேடுவதிலும் உடையாமல் காப்பதிலும் போய்விடும், வடிவமைப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். என்னைக் கேட்டால் அசலின் உண்மையான பயன் வேறு. அதை அறிவுறுத்தல் கையேட்டின்படி அப்படியே கட்டி மேசையில் வைத்துக்கொண்டு, மூக்கு எவ்வளவு நீளம், இறக்கை எங்கே தொடங்குகிறது, கண்ணாடி உடலில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்துக்கொண்டே வேறொன்றைக் கட்டலாம். நமக்கு நினைவில் நிற்பது அந்த உருவமும் அந்த மூன்று நிறங்களும்தான். அந்தக் குறிப்பிட்ட பிளாஸ்டிக் துண்டுகள் அல்ல.

சரி, அந்த விதிவிலக்கு. 1987இல் பிளாக்ட்ரான் என்று ஒரு வில்லன் கோஷ்டி வந்தது: கறுப்பு உடல், மஞ்சள் கோடுகள், மஞ்சள் கண்ணாடி. கறுப்பு மஞ்சளேறித் தெரியாது, மஞ்சளிலும் அது பெரிதாகக் கண்ணுக்குப் படாது, 2004 மாற்றம் இந்த இரண்டு நிறங்களையும் தொடவே இல்லை. அதனால் பழைய ரெனிகேட் கப்பலில் (எண் 6954) இன்று வாங்கிய கறுப்புப் பீஸைச் சொருகினால், பழைய பீஸில் இருக்கும் கீறலைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. போதாததற்கு அந்தக் கப்பல்கள் பிரிவு பிரிவாகக் கழன்று, ஒன்றின் பகுதியை இன்னொன்றில் மாட்டும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதாவது மாற்றிக் கட்டுவதை அந்த செட்டே அனுமதிக்கிறது. அசலில்தான் கை வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் பிளாக்ட்ரானில் வையுங்கள். நேர்மாறு, வெள்ளைக் கப்பல்கள். 1987இன் ஃபியூச்சுரான், 1993இல் வந்த ‘ஐஸ் பிளானட் 2002’ (2002 பெயரிலேயே இருப்பது) என்ற இரண்டு வரிசைகளும் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் வெள்ளை மஞ்சளேறினால் ஒளிக்க இடமே இல்லை.

இப்போது மறு ஆக்கம். 2022இல், லெகோவின் 90ஆம் ஆண்டை ஒட்டி, கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் 10497 என்ற எண்ணில் திரும்பி வந்தது. வடிவமைத்தவர் மைக் சியாக்கி. 1254 பீஸ்கள், சுமார் 52 செ.மீ நீளம். செய்தது என்னவென்றால், பழைய கப்பலின் எல்லா அளவுகளையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கியது. ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கலாம், ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் கன அளவு கிட்டத்தட்ட 3.4 மடங்கு. 338ஐ 1254உடன் ஒப்பிட்டால் 3.7 மடங்கு, கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. உள்ளே உட்காரும் பொம்மை மட்டும் அதே அளவு. அந்த இடைவெளியில்தான் மாற்றிக் கட்டுகிறவனுக்கு வேலை இருக்கிறது: பழையதில் உள்ளே உட்கார்ந்தால் அதோடு முடிந்தது, புதியதில் படுக்கை இருக்கிறது, மடங்கும் தரையிறங்கு கால்கள் இருக்கின்றன, பின்னால் வண்டி நிற்கும் அறை இருக்கிறது. உள்ளே டெக்னிக் பாகங்களால் (துளையுள்ள சட்டங்களும் அவற்றைக் கோக்கும் முளைகளும்) ஆன எலும்புக்கூடு இருப்பதால் மேல் தோலை உரித்து வேறு தோல் போர்த்தினாலும் கப்பல் கையில் பிரிந்து வராது. நிறமெல்லாம் இன்றைய நிறம், எது குறைந்தாலும் புதிதாகவே வாங்கலாம். அதே பீஸ்களில் 918, 924 ஆகிய இரண்டு பழைய சின்னக் கப்பல்களைக் கட்டும் முறையும் அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது, அதைக் கட்டிப் பார்த்தாலே இந்தப் பெட்டியிலிருந்து வேறு என்ன வரும் என்று கைக்குப் பிடிபட்டுவிடும். 2025இல் ரெனிகேடும் இதே வழியில் வந்தது, எண் 10355, 1151 பீஸ்கள்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. அசலோடு வந்த பள்ளம் மேடான நிலத் தட்டும் சின்னக் கட்டுப்பாட்டு நிலையமும் மறு ஆக்கத்தில் இல்லை, அதனால் கப்பல் எங்கே இறங்குகிறது என்பதை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். (எனக்கு அது குறையாகப் படவில்லை, முதல் திட்டமாக அதையே வைத்துக்கொள்ளலாம்.) எடையும் கூடியிருக்கிறது. ஒற்றைக் கையில் தூக்கிப் பறக்கவிடும் சுகம் பழையதில்தான் அதிகம். மேலும் மாற்றினால் இன்னும் கனக்கும். பழைய கப்பலை இரண்டு மடங்காக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் கனக் கணக்கை மறக்க வேண்டாம்: எட்டு மடங்கு பீஸ், 2700க்குப் பக்கம் வரும், அதன் பிறகு அது பறக்காது, அலமாரியில்தான் நிற்கும். இரண்டு பெட்டி வாங்கி நடு உடலை மட்டும் நீட்டுவது இதைவிட நல்ல யோசனை. அகலமும் உயரமும் அப்படியே இருப்பதால் பழைய தோற்றம் கெடாது, சரக்கு அறை மட்டும் பெரிதாகும்.

இன்னொரு குறையும் உண்டு, அது மனம் சார்ந்தது. ஏற்கெனவே மிக நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒன்றை மாற்றத் தயக்கம் வரும். கட்டி முடித்து அலமாரியில் வைத்த பிறகு பிரிக்கவே மனசு வராது. அதனால் முதல் தடவை கட்டும்போதே, பின்பகுதியைச் சொந்தமாகச் செய்துவிடுங்கள்.

மூன்றாவது வழி, சொந்த வடிவம். இதற்கான கருவிகள் இப்போது எங்கேயோ போய்விட்டன. 1995இல் ஜேம்ஸ் ஜெசிமன் எல்டிரா என்ற மென்பொருளை எழுதியபோது கணினியில் பிரிக் அடுக்குவதே புதுமை. இன்றைக்கு, உதிரிப் பீஸ் விற்கும் கடைகள் கூடும் பிரிக்லிங்க் தளத்தின் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம், கட்டியதற்குக் கையேடும் அதுவே செய்து தரும், தேவையான பீஸ் பட்டியலை அப்படியே அந்தத் தளத்தின் கடைகளில் தேடலாம். (அந்தத் தளத்தையே 2019இல் லெகோ வாங்கிவிட்டது.) இதில் சுதந்திரம் எல்லையில்லாதது. அதுதான் பிரச்சினையும்.

திரையில் புவியீர்ப்பு கிடையாது. ஒற்றை ஸ்டட்டில், அதாவது பிரிக்கின் மேலே இருக்கும் ஒரே ஒரு குமிழில், தொங்கும் இறக்கை திரையில் கம்பீரமாக நிற்கும், மேசையில் தொங்கிப்போகும். விரல் நுழையாத இடத்தில் பீஸ் வைப்பதும் திரையில் சுலபம். இல்லாத பீஸ் இன்னொரு கண்ணி: ஒரு வடிவம் இருக்கிறது என்பதால் அது நீங்கள் நினைக்கும் நிறத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிளாசிக் ஸ்பேஸ் பாணிக்கு மஞ்சள் கண்ணாடி கட்டாயம், அந்த நிறத்தில் வந்த கண்ணாடி வடிவங்களோ கொஞ்சம்தான். அதனால் அனுபவசாலிகள் பெரும்பாலும் கண்ணாடியை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் சரிவுக்கும் அகலத்துக்கும் ஏற்ப மூக்கை அமைத்து, பிறகுதான் உடலுக்கு வருவார்கள். இறக்கையை முதலில் வரைந்துவிட்டுக் கடைசியில் கண்ணாடி தேடினால் மொத்தக் கப்பலையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வழிக்கு ஈடே இல்லை: பக்கவாட்டில் கட்டுவது. ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ, ஒரு பிளேட்டின் (மெல்லிய தட்டைப் பீஸின்) உயரம் 3.2 மி.மீ. அப்படியானால் இரண்டு ஸ்டட் அகலமும் ஐந்து பிளேட் உயரமும் ஒன்றே, 16 மி.மீ. இந்த ஒரு சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்குகளைக் கவிழ்த்தும் சாய்த்தும் வைத்தால், 1979இன் மேல்நோக்கி மட்டுமே அடுக்கிய உடல், வழவழப்பான பக்கங்களும் உள்ளே பதிந்த இன்ஜின்களுமாக மாறிவிடும். ஸ்டுடியோவில் இதைப் பத்து விதமாக முயன்று பார்க்க எந்தச் செலவும் இல்லை, கையில் பீஸை வைத்துக்கொண்டு முயன்றால் அதற்கு ஒரு மூட்டை பீஸ் வேண்டும்.

வழவழப்பு என்றதும் ஒரு சண்டை நினைவுக்கு வருகிறது: ஸ்டட்டுகளை டைல் (மேலே குமிழ் இல்லாத வழவழப்பான பீஸ்) போட்டு மூடலாமா கூடாதா? எல்லாவற்றையும் மூடினால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கப்பல் போல ஆகிவிடும், பார்ப்பவருக்கு லெகோ என்றே தெரியாது. அதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். இறக்கையின் மேல்பரப்பில் ஸ்டட் தெரியட்டும், மூக்கையும் பக்கங்களையும் மட்டும் வழவழப்பாக்குங்கள் என்பது என் கருத்து. பெயின்ட் அடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது பற்றி இன்னும் பெரிய சண்டை இருக்கிறது, நான் அதில் தலையிடவில்லை, பழைய பீஸை வெட்டாதவரை.

உதிரியாக வாங்குவதில் இன்னொரு கசப்பு, எல்லாப் பீஸும் ஒரே விற்பனையாளரிடம் இருக்காது. ஐந்தாறு பேரிடம் பிரித்து வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனி அனுப்புக் கட்டணம், கடைசியில் வர வேண்டிய அந்த ஒரு கண்ணாடிக்காக மொத்தக் கப்பலும் காத்திருக்கும். ஏற்கெனவே பெட்டி பெட்டியாகப் பீஸ் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. பல வருட இடைவெளிக்குப் பிறகு இப்போதுதான் திரும்பி வருகிறவருக்கு, முதல் கப்பலே இப்படி இழுத்தால் ஆர்வமே வற்றிவிடும்.

அதனால்தான் மறு ஆக்கத்தை வாங்கிக் கட்டுங்கள் என்கிறேன், ஆனால் ஸ்டுடியோவையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற நினைக்கும் பகுதியை மட்டும், அதாவது இன்ஜின்களையோ சரக்கு அறையையோ, திரையில் வரைந்து, அதற்கு வேண்டிய கொஞ்சம் பீஸ்களை மட்டும் உதிரியாக வாங்குங்கள். பின்பகுதியில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள், மூக்கையும் கண்ணாடியையும் கடைசிவரை தொடாதீர்கள், பழைய கப்பலின் முகம் அதுதான். கழற்றிய பீஸ்களை ஒரு பையில் போட்டுக் கையேட்டோடு வையுங்கள், இரண்டாவது மாற்றத்துக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.