மூட்டையோடு இப்போது காகிதமும் வருகிறது

பத்து ஆண்டுகளாக ஒரே மறுசுழற்சி ஆலையிடம் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) குருணை வாங்குகிறேன். முன்பு கையில் அள்ளிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள் கண்ணை உறுத்தும். காரணம் பிவிசி, பெட்டோடு கலந்துவிடும் வேறொரு பிளாஸ்டிக். இரண்டுமே தண்ணீரில் மூழ்குவதால் கழுவும் தொட்டி அவற்றைப் பிரிக்காது. பெட் உருகும் 250 டிகிரியில் பிவிசி கருகி, அமிலத்தையும் கக்கும். எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்!

என் சண்டைக்கு அசையாதவர்கள் சட்டத்துக்கு அசைந்தார்கள். 2021 முதல், நாடுகளுக்கிடையே கழிவு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையின் திருத்தத்தால், கலப்படக் கழிவு எல்லை தாண்ட முன் ஒப்புதல் வேண்டும். 2025 முதல் பெட் பானப் பாட்டில்களில் 25 விழுக்காடு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். ஆலை அகச்சிவப்புக் கதிரால் தரம்பிரிக்கும் இயந்திரம் வாங்கியது. புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

விலை ஏறியது, அதில் எனக்கு வருத்தமில்லை. காகித வேலைதான் சொதப்பல். சென்ற மாதம் மூட்டையோடு வந்த சான்றிதழில் ஒரு தொகுதி எண், மூட்டையில் வேறொன்று. எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் தணிக்கையில் அது செல்லாது. திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் என் இயந்திரம் சும்மா கிடந்தது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த அரையும் ஆலையின் தரம்பிரிக்கும் இயந்திரத்துக்காக.