"கூட்டமில்லாத மலைநடை" என்று விற்கிறார்கள்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட், குவாலா கங்சார், ஈப்போ வட்டாரத்தில் இருந்து வரும் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு நடைப்பயணம் போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கூட்டமில்லாத மலைநடை, மூன்று நாள், இரண்டு இரவு" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் விளம்பரம் செய்துவரும் ஓர் ஏற்பாட்டாளரிடம், எங்கள் ஊர்க் காலைநடைக் குழுவினர் ஆளுக்கு 480 ரிங்கிட் கட்டினோம். சொன்ன பாதைகளில் ஒன்றில்கூட அவர் எங்களை நடக்க வைக்கவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. எங்கள் கோரிக்கை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர் செய்த முறையைத் தெரிந்துகொண்டால், பெயர் தெரியாமலேயே உங்களைக் காத்துக்கொள்ள முடியும்.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் இருக்கிறார்கள். செம்பனை ஆலையிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். விடியற்காலையில் செம்பனைக்காட்டு மண்சாலையில் நடப்பது எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். கேமரன் மலையை நாங்கள் பார்க்காதவர்கள் அல்லர். ஆனால் பேருந்தில் போய், ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கிக்கொண்டு திரும்பிய பயணங்கள்தாம் எல்லாமே. இந்த முறை காட்டுக்குள் நடக்க வேண்டும், குருவிச் சத்தம் காதில் விழ வேண்டும், அதற்காகச் சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்தாலும் பரவாயில்லை என்றுதான் எல்லாரும் ஒப்புக்கொண்டோம். தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிய ஓர் அக்காவும் எங்களுடன் வந்தார்.

பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த மலை, எந்தப் பாதை, எந்தக் கிழமை, அனுமதி யார் எடுப்பார், வழிகாட்டி யார் என்று நான் கேட்ட கேள்விகளும் அவர் எழுதிய பதில்களும் இன்றும் என் கைப்பேசியில் அப்படியே இருக்கின்றன. திங்கள் முதல் புதன் வரை பயணம். முதல் நாள் வன இலாகாவின் அனுமதியோடு இராவ் மலை. இரண்டாம் நாள் விடியற்காலையில் ஜாசார் மலை. மூன்றாம் நாள் ராபின்சன் அருவிப் பக்கமிருந்து பெரெம்புன் மலை. தங்குவதற்குத் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பங்களா. கூடவே பதிவு பெற்ற மலைவழிகாட்டி. "எல்லாம் எடுத்தாச்சு அண்ணே, நீங்க சப்பாத்து மட்டும் போட்டுட்டு வாங்க" என்று குரல்பதிவும் அனுப்பியிருந்தார்.

முதல் பித்தலாட்டம் புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே நடந்தது. வேன் கிடைக்கவில்லை என்ற சால்ஜாப்பைச் சொல்லி, திங்கட்கிழமைப் பயணத்தைப் பள்ளி விடுமுறையின் முதல் வார இறுதிக்கு மாற்றிவிட்டார். தேதி ஒத்துவரவில்லை என்றால் முன்பணம் கிடைக்காது என்றும் சொன்னார். அமைதியான நடையை விற்கிற ஒருவர் செய்யக்கூடாத முதல் காரியம் இதுதான். கேமரன் மலையின் பிரதான சாலை ஒற்றைச் சாலை. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா எல்லாவற்றையும் அந்த ஒரே சாலைதான் கோத்துக்கொண்டு போகிறது. தாப்பா வழியாக ஏறினாலும் சிம்பாங் பூலாய் வழியாக ஏறினாலும் கடைசியில் அதே சாலையில்தான் ஊர்ந்தாக வேண்டும். விடுமுறை நாளில் அங்கே கூட்டமில்லாத நடையைத் தருகிறேன் என்பவர், குறைந்தபட்சம் விடியுமுன் பாதையின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எங்கள் வேனோ ஈப்போவைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. கியா பார்ம் சந்தைக்கு முன்னால் வண்டிகள் அசையவேயில்லை.

பாசிக்காட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இங்கே நிலவமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ளது. அதன் உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறது. அந்தச் சாலை தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைந்து ஏறி, பாசிக்காட்டின் மரநடைபாதைக்கு அருகே நம்மை இறக்கிவிடுகிறது. மேகம் தொட்டுத் தொட்டு நனைந்துகொண்டே இருப்பதால் மரங்களெல்லாம் பாசி போர்த்து நிற்கும் அந்தக் காடு உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சிதான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வண்டி ஏறும் மலையில் வார இறுதியில் அமைதியைத் தேடவே முடியாது. அன்றைக்கு மரநடைபாதையில் ஆட்கள் வரிசையாக நின்று, ஒருவர் படம் எடுத்து முடித்தபின் அடுத்தவர் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

இராவ் மலைக்கான பாதை அங்கிருந்துதான் பிரிகிறது. 2,110 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு வேர்களைப் பிடித்துக்கொண்டும் சேற்றில் கால் புதைந்தும் பல மணி நேரம் நடக்க வேண்டும். வன இலாகாவின் அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. வாயிலில் இருந்த வன அதிகாரி அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். எங்கள் வழிகாட்டி சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது மரநடைபாதைக்குச் சற்றுமுன் அவர் வாங்கிய நுழைவுச்சீட்டு. அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், இது அனுமதி அல்ல என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் வழிகாட்டியின் கால்களைக் கவனித்தேன். சேற்று மலைக்கு எங்களை அழைத்துப்போக வந்தவர் ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தார். மலைவழிகாட்டி அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பேச்சுவாக்கில், தாம் வேன் ஓட்டுநரின் மைத்துனர் என்பதையும் சொல்லிவிட்டார்.

இதைவிட என் மனத்தை உறுத்தியது அடுத்து நடந்தது. ஏற்பாட்டாளரைக் கைப்பேசியில் அழைத்தபோது, "கொஞ்ச நேரம் பொறுங்க அண்ணே, ஆபிசர் சாப்பிடப் போனதும் உள்ளே போயிடலாம்" என்றார். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி, மூடப்பட்ட வனப்பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தத் தண்டனை அவருக்கு அல்ல, உள்ளே போகும் எங்களுக்கு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உச்சிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் பிடிக்கும் மலையில், நண்பகலுக்குப் பிறகு, மழை இறங்கும் நேரத்தில், வழி தெரியாத ஒருவரின் பின்னால் அறுபது வயதைத் தாண்டியவர்களை அனுப்பத் துணிந்தார். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இதே கேமரன் மலையில்தான் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார். காவல் படையினரும் பழங்குடியினருமாக நூற்றுக்கணக்கானோர் தேடியும் அவர் கிடைக்கவேயில்லை. கேமரன் மலைக்காடு அப்படிப்பட்டது. நாங்கள் ஒருமனதாக மறுத்து வேனுக்குத் திரும்பினோம்.

தங்குமிடத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பங்களா இல்லை, பிரிஞ்சாங் கடைவீதியின் மாடியில், கீழே நள்ளிரவுவரை கடை நடக்கும் அறைகள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எல்லாரும் தயாராகி நின்றோம். வேன் பத்து மணிக்குப் பிறகுதான் வந்தது. பனிமூட்டம் அதிகம், ஜாசார் வேண்டாம் என்றார் ஓட்டுநர். அதற்குப் பதிலாக ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, கள்ளிச்செடித் தோட்டம் என்று ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டார். கடைக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லி வரவேற்ற விதத்தைப் பார்த்தால், அவருக்கு அங்கே தரகு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் பெரெம்புன் மலையும் இல்லை. ஊரை ஒட்டிய ஓர் அருவிக்குக் கால்மணி நேர நடை, அத்தோடு முடிந்தது. சீட்டுப் பணத்தைக் கட்டிய அக்கா வேனில் ஏறும்போது சொன்னார்: "தம்பி, நம்ம தோட்டத்து ரோட்டுலயே இதவிட நிம்மதியா நடந்திருப்பேன்."

ஊர் திரும்பியதும் பணத்தைக் கேட்டோம். முதலில் மழுப்பினார், பிறகு வானிலையைக் காரணம் காட்டினார், கடைசியில், "அமைதிங்கிறது அவங்கவங்க மனசைப் பொறுத்தது" என்று எழுதி அனுப்பிக் கைகழுவிவிட்டார். இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அவர் விற்றது மன அமைதியை அல்ல. இன்ன மலை, இன்ன பாதை, இன்ன கிழமை என்று தாமே எழுதிக் கொடுத்த நடையை. அவற்றில் ஒன்றுக்கும் மனத்தோடு சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம், போன இடத்தில் சரிபார்க்கலாம்.

கூட்டமில்லாத நடையை விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தார்ச்சாலை எங்கே முடிகிறது என்பதை. வண்டி உச்சிக்குப் போகும் மலையை விட்டுவிட்டு, காலால் மட்டுமே ஏறக்கூடிய மலையைத் தேர்ந்தெடுங்கள். கேமரன் மலையில் எண்ணிட்ட பாதைகள் இருக்கின்றன. தானா ராத்தாவிலிருந்து ஜாசார் மலைக்கு ஏறும் பத்தாம் பாதையும், ராபின்சன் அருவிப் பக்கமிருந்து பெரெம்புன் மலைக்குச் செங்குத்தாக ஏறும் எட்டாம் பாதையும் அப்படிப்பட்டவை. ஜாசார் 1,700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பெரெம்புன் 1,800 மீட்டருக்கு மேல். இராவைவிட உயரம் குறைவு என்பதால் விளம்பரங்களில் இவற்றுக்கு மவுசு இல்லை. அதனாலேயே இவை நடப்பதற்கு நல்லவை. பாதைகள் மண்சரிவால் மூடப்படுவதும் உண்டு. ஆகவே எது திறந்திருக்கிறது, எதற்கு அனுமதி வேண்டும் என்பதை அந்த வட்டார வன அலுவலகத்தை நேரடியாக அழைத்துக் கேளுங்கள். ஏற்பாட்டாளரின் வாய்ச்சொல்லை நம்பிப் புறப்படாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

கேமரன் மலைதான் வேண்டும் என்பதும் இல்லை. குவாலா குபு பாருவிலிருந்து ஏறும் புக்கிட் பிரேசரில், சுமார் 1,450 மீட்டர் உயரமுள்ள பைன் ட்ரீ குன்றுக்குப் போகும் பாதை காட்டுக்குள்ளேயே நெடுந்தொலைவு செல்கிறது. அங்கே பறவை பார்க்க வருகிறவர்கள்தாம் அதிகம், சந்தைக்கு வருகிறவர்கள் அல்லர். எங்கே போனாலும் வார நாளில் போங்கள். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் இறங்கிவிடுங்கள். தேதியை ஏற்பாட்டாளர் மாற்றினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் அதுதான்.

பயணம் நடத்தும் தொழிலுக்கு 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, சுற்றுலா அமைச்சின் இணையப்பக்கத்தில் சரிபார்க்கலாம். எங்கள் ஏற்பாட்டாளர் எனக்கு அனுப்பிய எண்ணில் தேடியபோது வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. அதையும் படமெடுத்துக் கோரிக்கையோடு இணைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே பணம் இழந்தவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்றாண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறோம். பணம் மாற்றிய வங்கிச் சீட்டு, புலன உரையாடல், அந்த நுழைவுச்சீட்டின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறோம். விசாரணைக்கான அழைப்பும் வந்துவிட்டது. இதே ஏற்பாட்டாளருக்குப் பணம் கட்டி, அடுத்த விடுமுறைக்குக் காத்திருப்பவர்கள், அனுமதிக் கடிதத்தின் நகலையும் வழிகாட்டியின் அட்டையையும் இந்த வாரமே கேளுங்கள். இரண்டு நாளில் வராவிட்டால், பயணத்தை ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். குரல்பதிவாக வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள்.