சாவியைத் திருப்பித் தராத செயலி

மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த, கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் எண்ணைத் தரும் இரட்டைச் சரிபார்ப்புச் செயலியைக் குறை சொல்ல, போன மாதம் வரை என்னிடம் எதுவும் இருக்கவில்லை. பழைய கைப்பேசியின் திரை விட்டுவிட்டு அணையத் தொடங்கியதால் தண்டையார்பேட்டையில் புதியது ஒன்றை வாங்கி, கடை வாசலிலேயே நின்று கணக்குகளை மாற்ற முயன்றபோதுதான், அந்தச் செயலியில் கணக்குகளை வெளியே எடுத்துச் செல்லும் ஏற்றுமதி வசதியே கிடையாது என்று தெரிந்தது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் அந்த 6 இலக்க எண், 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொதுத் தரத்தின்படி, கணக்கை இணைத்த முதல் நாள் கியூஆர் குறியீட்டில் வந்த ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. சாவி கையில் இருந்தால் அத்தரத்தைப் பின்பற்றும் எந்தச் செயலியும் அதே எண்ணைத் தரும். அதைத் தன் கிளவுடுக்குள் மட்டும் பூட்டி வைப்பது, குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யும்போது அவருடைய பீரோவை எடுக்கவிடாத வீட்டுக்காரரின் வேலை.

14 கணக்குகளிலும் ஒவ்வொன்றாக நுழைந்து, சரிபார்ப்பை நீக்கி, மறுபடி இணைத்தேன். ஒன்றில், திரை அணைவதற்குள் எண்ணைப் படித்துத் தட்டச்சு செய்ய நான்கு முறை முயல வேண்டியிருந்தது. இப்போது வைத்திருப்பது ஏஜிஸ். ஆண்ட்ராய்டில் மட்டுமே இயங்கும் என்றாலும், அது இலவசமான, நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூலச் செயலி. எல்லாச் சாவிகளையும், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கிய கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். பழைய செயலிக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் எண்கள் சரியாக வந்ததற்காக.