பிசியலாஜிக்கலியா, பிசிக்கலியா? உடலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தச் சொல் எங்கே

"பேஷன்ட்ஸ் வேர் பிசியலாஜிக்கலி வீக் ஆஃப்டர் சர்ஜரி." நர்சிங், பிசியோதெரபி மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போது இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி வருகிறது. இலக்கணத்தில் குறை இல்லை, ஸ்பெல்லிங்கும் சரி. ஆனால் நோயாளிக்கு என்னதான் ஆனது என்று இதிலிருந்து தெரியவில்லை. எழுந்து நடக்க முடியவில்லையா? ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதா? படுத்தே கிடந்ததில் தசை மெலிந்துவிட்டதா? இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வழி இருக்கிறது. மூன்றையும் ஒரே நீளமான சொல்லுக்குள் போட்டு அடைத்துவிட்டால், படிக்கிற மருத்துவருக்கு அது பயன்படாது.

உடலைப் பற்றிய வாக்கியத்தில் இந்த இடத்துக்குப் போட்டியிடும் சொற்கள் ஏழெட்டு இருக்கின்றன: பிசிக்கலி, பிசியலாஜிக்கலி, அனடாமிக்கலி, ஃபங்ஷனலி, பேத்தலாஜிக்கலி, பயலாஜிக்கலி, சைக்கலாஜிக்கலி. அகராதியைப் புரட்டினால் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். பயன்பாட்டில் அப்படி இல்லை. பிசியலாஜிக்கலி என்று எழுதினால் உடலுக்குள் நடக்கும் ஒரு வேலையைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு நமக்கு வந்துவிடுகிறது என்பதுதான் என் கட்சி. நாடித்துடிப்பு, அழுத்தம், ஹார்மோன், உப்பு, ஆக்சிஜன் என்று ஏதாவது ஒன்று அந்த வாக்கியத்திலோ அடுத்ததிலோ வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.

பிசிக்கலி: வெளியே தெரியும் உடல்

பிசிக்கலி என்பது ஆளை முழுதாகப் பார்க்கும் சொல். பார்க்கலாம், தொடலாம், எடை போடலாம், ஓடவிட்டு நேரம் பார்க்கலாம். "பிசிக்கலி பிரசென்ட்" என்றால் ஆள் நேரில் வந்திருக்கிறார். அங்கே பிசியலாஜிக்கலி போட்டால் வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். "பிசிக்கலி ஃபிட்", "பிசிக்கலி ஆக்டிவ்", "பிசிக்கலி எக்ஸாஸ்டட்" எல்லாம் புழக்கத்தில் உறைந்துவிட்ட தொடர்கள். "ஐ ஆம் பிசியலாஜிக்கலி டயர்டு" என்று யாரும் பேசுவதில்லை. எழுதினால் அறிவியல்தன்மை கூடுவதும் இல்லை.

இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில், இரண்டும் தேவைப்பட்டு நிற்கும் இடத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகிவிடும். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் இளைஞர் ஒருவர் டெல்லியிலிருந்து விமானத்தில் போய் அங்கே இறங்குகிறார். அவரைப் பற்றி இப்படி எழுதலாம்: "ஹி இஸ் பிசிக்கலி ஃபிட், பட் நாட் யெட் பிசியலாஜிக்கலி அக்ளைமடைஸ்டு."

இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அவருடைய தசையும் மூச்சுப் பயிற்சியும் பிசிக்கலி கணக்கில் வருகின்றன. உயரத்துக்கு உடல் பழகுவது வேறு கணக்கு. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மூச்சு ஆழமாகிறது, வேகமாகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கூடுதலாக வெளியேற்ற வேண்டும், அதற்குச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும். இவை எதையும் ஓட்டப்பயிற்சியால் முந்திக்கொண்டு செய்துவிட முடியாது. கட்டுமஸ்தான ஆளுக்கும் மலை நோய் வருவது இதனால்தான். அடையாளம் காட்ட ஒரு வேலை உடலுக்குள் நடக்கிறது, அதனால் அந்தச் சொல் அங்கே நிற்கிறது.

எல்லை கொஞ்சம் கலங்கும் இடமும் உண்டு. புற்றுநோய் வலிக்கு நீண்டநாள் மார்ஃபின் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் என்று உடல் எதிர்ப்பு காட்டும். நடப்பது முழுக்க உட்செயல்தான், ஆனாலும் மருத்துவ ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்வது "பிசிக்கலி டிபெண்டன்ட்". அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, 1994-ல் வந்த நான்காம் பதிப்பில், "வித் பிசியலாஜிக்கல் டிபெண்டன்ஸ்" என்ற குறிப்பை வைத்திருந்தது. 2013-ன் ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. இந்த ஒரு இடத்தில் எதை எழுதினாலும் ஒத்துக்கொள்வேன். ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதக்கூடாது, அவ்வளவுதான். அப்புறம், இதை "அடிக்ஷன்" என்று எழுதுவது தப்பு. மருத்துவர் சொன்ன அளவில் மார்ஃபின் எடுப்பவரைப் போதை அடிமை என்று முத்திரை குத்தினால், அவருக்குக் கிடைக்க வேண்டிய வலி நிவாரணம் கிடைக்காமல் போகும்.

அனடாமிக்கலி: கட்டமைப்பா, வேலையா

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. பிசியலாஜிக்கலிக்கு வேலை அதிகம் இருக்கும் இடமும் இதுதான்.

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து மகாதமனிக்கு ரத்தம் தாண்டிப் போக ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது, டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்று பெயர். குழந்தை பிறந்து முதல் மூச்சு விட்டதும் ஆக்சிஜன் ஏறுகிறது, குழாயைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருள் குறைகிறது. குழாயின் சுவரில் உள்ள தசை சுருங்கி, பெரும்பாலான நிறைமாதக் குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆனால் குழாய் அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே திசு வளர்ந்து நிரந்தரமாக அடைபட்டு நாராக மாற இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஆக, மூன்றாம் நாளில் "தி டக்டஸ் இஸ் குளோஸ்டு" என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான். "ஃபங்ஷனலி குளோஸ்டு, பட் நாட் யெட் அனடாமிக்கலி" என்பது முழு உண்மை. இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு குழந்தையின் உயிரே இருக்கலாம். சில பிறவி இதயக் கோளாறுகளில் அந்தக் குழாய் வழியாகப் போகும் ரத்தம்தான் குழந்தையைத் தாங்குகிறது. அது இன்னும் நாராகிவிடாத காலத்தில் புரோஸ்டாகிளாண்டின் செலுத்தி மறுபடி திறக்க முயலலாம், அறுவை சிகிச்சை வரை திறந்தே வைக்கலாம். இங்கே பிசியலாஜிக்கலி குளோஸ்டு என்றாலும் புரியும். ஆனால் பாடநூல்களில் ஊறிய சொல் ஃபங்ஷனலி, அதையே எழுதுங்கள்.

நுரையீரலிலும் இதே கதை. ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது என்றால், அதில் 150 மில்லிலிட்டர் அளவுக்கு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. இது அனடாமிக்கல் டெட் ஸ்பேஸ். காற்று வந்தும் ரத்தத்தோடு வாயு மாற்றம் நடக்காத மொத்த இடம் பிசியலாஜிக்கல் டெட் ஸ்பேஸ், ஆரோக்கியமான ஆளுக்கு அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி வந்து அடைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அந்தப் பகுதியின் காற்றறைகள் அனடாமிக்கலி அப்படியே இருக்கும், காற்றும் வந்து போகும். ஆனால் ரத்தம் வராததால் பிசியலாஜிக்கலி அவை வீண். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவது வேலை செய்யாமல் கிடக்கும்போது சொல்வதற்கு, இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை.

மயக்க மருந்தியலிலும் தீவிர சிகிச்சையிலும் "பிசியலாஜிக்கலி டிஃபிகல்ட் ஏர்வே" என்றொரு தொடர் நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் டிஃபிகல்ட் ஏர்வே என்றாலே குட்டைக் கழுத்து, திறக்காத வாய், உள்வாங்கிய தாடை, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகக் கஷ்டமான அமைப்பு என்று மட்டுமே நினைத்தார்கள். தொண்டை எவ்வளவு சுலபமாக இருந்தாலும், நோயாளியின் ஆக்சிஜன் ஏற்கெனவே தரைதட்டி, ரத்த அழுத்தம் இறங்கி, ரத்தம் அமிலமாகிக் கிடந்தால், குழாய் போடும் அந்த ஓரிரு நிமிடத்தில் இதயம் நின்றுவிடக்கூடும். அந்த ஆபத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஒரு வினையடை இவ்வளவு பெரிய எச்சரிக்கையைச் சுமப்பதைப் பார்க்கும்போது எனக்கு அதன்மேல் மரியாதை வருகிறது. ஆய்வேட்டில் சும்மா அழகுக்காக அதைத் தூவினால் கோபம் வருவதும் அதனால்தான்.

இயல்பானது என்ற இன்னொரு பொருள்

பொது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் இது. மருத்துவத்தில் பிசியலாஜிக்கல் என்பதற்கு "நோயில்லை, உடல் தன் இயல்பில் செய்வது" என்றும் பொருள். இங்கே அதற்கு எதிர் நிற்பது பேத்தலாஜிக்கல். பிறந்த குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தட்டி, ஓரிரு வாரத்தில் தானே போனால் அது பிசியலாஜிக்கல் ஜாண்டிஸ். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தால் நோயாக எடுத்துக்கொண்டு காரணம் தேட வேண்டும்.

வினையடையிலும் இந்தப் பொருள் அப்படியே தொடர்கிறது. கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடுதலாக இருந்து, பக்கத்தில் "பிசியலாஜிக்கலி எலிவேட்டட்" என்று எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை: நஞ்சுக்கொடியும் அந்த என்சைமைச் சுரக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்து அது கூடுதலாக வரும், அங்கேயும் இதே தொடர் பொருந்தும். கல்லீரல் பித்தக்குழாய் அடைத்து அதே என்சைம் ஏறினால் "பேத்தலாஜிக்கலி எலிவேட்டட்". எண் ஒன்றாகவே இருந்தாலும் தீர்ப்பு வேறு. இந்தப் பொருளைத் தெரிந்துகொள்ளாமல், ஏதோ உடல் கோளாறு என்று காட்டுவதற்காகப் பிசியலாஜிக்கலி அப்நார்மல் என்று எழுதினால், படிக்கும் மருத்துவர் ஒரு கணம் குழம்புவார். நோயைச் சொல்ல வந்தால் நோயின் பெயரைச் சொல்லிவிடுவதே நல்லது.

பயலாஜிக்கலி பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது மிகப் பரந்த சொல், மரபணுவும் ரத்த உறவும் அதற்குள் வரும். பெற்ற தாயை "பயலாஜிக்கல் மதர்" என்கிறோம், அந்த இடத்துக்கு மற்றச் சொற்கள் கிட்டவே வராது. ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைத் தட்டில் செல்களோடு சேர்ந்தால் பல மாற்றங்களை உண்டாக்குகிறது, அதாவது "பயலாஜிக்கலி ஆக்டிவ்". ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு, உறிஞ்சியதையும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே வேறாக மாற்றிவிடுகின்றன. தட்டில் ஊற்றிய செறிவை ரத்தம் எட்டுவதில்லை. அப்போது அந்தச் செறிவு "நாட் பிசியலாஜிக்கலி ரெலவன்ட்". மஞ்சள் பால் பற்றி வரும் பரபரப்புச் செய்திகள் பலவும் இந்த இரண்டு தொடரையும் ஒன்றாக்கியதால் பிறந்தவை.

சைக்கலாஜிக்கலியை எதிர்ப்பக்கம் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. "தி பெயின் வாஸ் சைக்கலாஜிக்கல், நாட் பிசியலாஜிக்கல்" என்ற வாக்கியம் வலியோடு வந்தவரை அவமதிக்கிறது. அறிவியலும் அதற்குத் துணை நிற்கவில்லை. 1978-ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத போலி மருந்தில் வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபின் வகையின் செயலைத் தடுக்கும் நலோக்ஸோன் கொடுத்தபோது வலி கூடியது. நம்பிக்கையால் கிடைத்த நிவாரணத்துக்குள்ளும் உடலின் சொந்த வலிநிவாரணிகள் வேலை செய்திருக்கின்றன. மனம், உடல் என்று கோடு கிழிக்க இந்தச் சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டையும் சொல்ல வேண்டுமானால் "போத்" போட்டு எழுதலாம்.

எழுதும்போது

பெயரடையில் அமெரிக்கர்கள் பெரும்பாலும் பிசியலாஜிக் என்றும் பிரிட்டிஷ்காரர்கள் பிசியலாஜிக்கல் என்றும் எழுதுவார்கள். வினையடையில் அந்தச் சண்டை இல்லை, இருவருக்கும் பிசியலாஜிக்கலிதான். உச்சரிக்கும்போது அழுத்தம் "லா"வில் விழும், "க்கலி" ஒடுங்கி "க்லி" என்றுதான் காதில் விழும். எழுத்தில் மட்டும் அந்த உயிரெழுத்தை விழுங்கிவிடாதீர்கள். "பேஸ்டு" போன்ற சொல் பின்னால் வந்தாலும் நடுவில் இணைப்புக் கோடு தேவையில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதும் பொருளை மாற்றும். தொடக்கத்தில் வைத்து ஒரு கமா போட்டால், "உடலியக்கக் கண்ணோட்டத்தில் பார்த்தால்" என்று முழு வாக்கியத்தையும் ஆளும். "பிசியலாஜிக்கலி, ஸ்லீப் இஸ் நாட் ரெஸ்ட்" என்றால், மூளையும் ஹார்மோன்களும் தூக்கத்தில் என்ன செய்கின்றன என்று அடுத்துச் சொல்ல வேண்டும். பெயரடைக்கு முன்னால் வைத்தால் அந்தப் பெயரடையை மட்டும் இறுக்கும்: "பிசியலாஜிக்கலி ஸ்டேபிள்" என்றால் நாடி, அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் நிலையாக இருக்கின்றன என்று ஒரு வார்டு முழுக்கப் புரிந்துகொள்ளும். வினைக்குப் பின்னால், அதாவது "ரெஸ்பாண்டட் பிசியலாஜிக்கலி" என்று வைப்பதுதான் மிகப் பலவீனமான இடம். அங்கே அதை வெட்டிவிட்டு, நாடித்துடிப்பு எத்தனையிலிருந்து எத்தனைக்குப் போனது என்று எழுதுங்கள்.