மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை: அரசு மருத்துவமனையா, தனியார் உளவியலாளரா, கைப்பேசியா?

தமிழ்நாட்டில் மனச்சோர்வுக்கு மாத்திரை கிடைப்பது அவ்வளவு சிரமமில்லை. பயிற்சி பெற்ற ஒருவரின் எதிரில் உட்கார்ந்து, முறைப்படி, வாரந்தோறும் பேசிக் குணமடைவதற்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, தனியாகத் தொழில் நடத்தும் மருத்துவ உளவியலாளர், வீட்டிலிருந்தே கைப்பேசியில் பெறும் அமர்வு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கட்டணத்தையும் தூரத்தையும் ஒப்பிடுகிறார்கள். அவற்றுக்கு முன்பாக, ஒரே நபரை இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் சந்திக்க முடியுமா என்று பாருங்கள் என்பேன்.

காரணம், இந்தச் சிகிச்சை மனத்திலிருப்பதைக் கொட்டித் தீர்ப்பதோடு முடிவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையானாலும் (CBT), மனத்துக்கு இதமான செயல்களைப் படிப்படியாகக் கூட்டும், அதைவிட எளிமையான செயலூக்கச் சிகிச்சையானாலும், ஒவ்வொரு அமர்வும் முந்தைய அமர்வின் மேல் கட்டப்படுகிறது. செயலூக்கச் சிகிச்சையில் முதல் வாரம் பெரும்பாலும் ஒரு தாளோடு தொடங்கும். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தோம், அப்போது மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவர வேண்டும். “காலை 10 மணி, படுத்திருந்தேன், 2; மாலை 5 மணி, அக்காவோடு கடைக்குப் போனேன், 4” என்ற இரண்டு வரிகளை வைத்துக்கொண்டே, கடைக்குப் போவதை அடுத்த வாரம் மூன்று முறையாக்கலாமா என்று உளவியலாளர் கேட்பார். அந்தத் தாளைப் பார்த்தவர் அடுத்த வாரம் அங்கே இல்லையென்றால், புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சோர்ந்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய பாரம் இல்லை.

இந்த அளவுகோலில் அரசு மருத்துவமனை சற்றுப் பின்தங்குகிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டம் என அமைப்பு விரிவானது, சிகிச்சை இலவசம். ஆனால் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், ஏனென்றால் வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். உளவியலாளர் பணியிடங்கள் மிகக் குறைவு. ஆகவே கேட்காமல் இருந்தால் மருந்துச் சீட்டோடு திரும்ப வேண்டியதாகிவிடலாம், “உளவியலாளரிடம் அமர்வுக்கு அனுப்புவீர்களா, எந்தக் கிழமை வர வேண்டும்?” என்று வாய்விட்டுக் கேட்பது அவசியம். அதே சமயம், வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே உடலையும் மனத்தையும் சாய்க்கக்கூடியவை; அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் நோயறிதலையும் ஒரே வளாகத்தில் செலவின்றி முடித்துக்கொள்ளலாம். நோய் கடுமையாக இருந்து, மருந்தும் பேச்சும் சேர்ந்தே தேவைப்படுபவர் இங்கேதான் தொடங்க வேண்டும்.

தனியார் உளவியலாளரிடம் தொடர்ச்சி கிடைக்கிறது, பணம் போகிறது. பெருநகரத்தில் ஓர் அமர்வு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு அமர்வுகளுக்கு 18,000 ரூபாய். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவையே ஏற்பதால் வாராந்திர அமர்வுக்கு அது கைகொடுப்பதில்லை. இவ்வளவு செலவழிக்கும்போது எதிரில் இருப்பவரின் தகுதியை விசாரிப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டியவர் எல்லாரும் மருத்துவ உளவியலாளர் அல்லர். மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (RCI) பதிவெண் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். அமர்வு தமிழில் நடக்குமா என்பதையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் சிலர் ஆங்கிலத்திலேயே பேச்சை நகர்த்துவார்கள். மாமியார் சொன்ன ஒரு சொல்லை வேறு மொழியில் மாற்றிச் சொல்லும்போது அதிலிருந்த குத்தல் காணாமல் போய்விடுகிறது, குத்தல் தெரியாமல் காயத்தை எப்படிப் பார்ப்பது?

கைப்பேசி வழி அமர்வு, உளவியலாளரே இல்லாத சிற்றூரில் இருப்பவருக்கும், வளைகுடா நாட்டில் தமிழில் பேச ஆள் தேடுபவருக்கும் உண்மையான வரம். ஆனால் ஒரே கூடமும் ஓர் அறையுமாக இருக்கும் வீட்டில், கணவரோ மாமனாரோ காதில் வாங்கும் தூரத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச முடியாது. மொட்டை மாடியோ பூட்டிய அறையோ உறுதியாகக் கிடைத்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறொருவரோடு இணைக்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை உயர்ந்ததுதான் பலன் தரும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு மனநலப் பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குச் செயலூக்கச் சிகிச்சை கற்றுக்கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தச் செய்தார்கள். மூன்று மாதத்தில் அந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற மற்றக் குழுவில் 39 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வும், இளநிலைப் பணியாளர்கள் தந்த செயலூக்கச் சிகிச்சை, அனுபவமிக்கவர்கள் தந்த அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்றே காட்டியது. திட்டமும் தொடர்ச்சியும் இருந்தால் எளிய அமர்வும் போதும் என்ற நம்பிக்கை எனக்கு இங்கிருந்தே வருகிறது.

14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையும், சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவையும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அவை வாராந்திரச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் வேளையில் உடனே அழைக்க வேண்டியவை. அந்த எண்ணம் திட்டமாக மாறியிருந்தால் காத்திருக்காமல், வீட்டார் ஒருவரோடு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, நோயறிதலையும் இரத்தப் பரிசோதனையையும் அரசு மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, அங்கேயே வாராந்திர அமர்வு கிடைத்தால் அங்கேயே தொடர்வது. கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் பணத்தை எட்டு அமர்வுகளுக்காவது ஒதுக்கி, நேரிலோ கைப்பேசியிலோ ஒரே உளவியலாளரிடம் போவது. முதல் நாளே மனச்சோர்வின் அளவைக் காட்டும், ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 (PHQ-9) படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்துவையுங்கள். ஐந்தாவது அமர்விலும் அது இறங்கவில்லையென்றால் அவரிடமே அதைக் காட்டி, முறையை மாற்றுவதா, மருந்தைச் சேர்ப்பதா, வேறொருவரிடம் அனுப்புவதா என்று கேளுங்கள். தேர்ந்த உளவியலாளர் யாரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.